பொருளியலுக்கு முன்னால் ஒரு சொல்

உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் பல்கலைக்கழகம் கட்டிய முதுகலை மையத்தில் நான் அரசியல் பாடம் நடத்துகிறேன். தினமும் வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். சில வருடங்களுக்கு முன் அங்கே பொதுக் கொள்கை என்று ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார்கள். ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகள் அரசாங்கத் திட்டங்களைப் படித்துப் புரிந்துகொண்டு பேச வேண்டும் என்று தொடக்க விழாவில் நிறையப் பேசினார்கள். பாடத்திட்டத்தில் ‘பொதுக் கொள்கைக்கான பொருளியல்’ என்று ஒரு கட்டாயப் பாடம் இருந்தது. அதை நடத்த ஆள் இல்லை.

வகுப்புக்குள் நான் நுழைந்தாலே முன் வரிசையிலிருந்து அந்தக் கேள்விதான் வரும்.

“மேடம், எகனாமிக்ஸுக்கு யாரு மேடம் வராங்க?”

கேட்பது பெரும்பாலும் மாகறலில் வாழ்க்கைப்பட்ட பெண். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருபவள். கட்டிக்கொடுத்த பிறகு படிக்க அனுமதி வாங்கியவள் என்பதால், நடக்காத வகுப்பு ஒவ்வொன்றும் அவளுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

“வந்துடுவாங்கம்மா” என்பேன்.

கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பகுதிநேர விரிவுரையாளரை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். விளம்பரம் வந்ததும் போன்கள் வந்தன. “உத்திரமேரூர்னா எங்க மேடம், செங்கல்பட்டு பக்கமா?” என்று ஒருவர் கேட்டார். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் உண்டு என்றேன். “ஏசி பஸ்ஸா?” என்றார். இன்னொருவர் வாரத்தில் ஒரே நாளில் எல்லா வகுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டுப் போக முடியுமா என்று விசாரித்தார். நேர்காணல் நாளன்று மூன்று பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்று சென்னையிலிருந்து வந்த வெளி வல்லுநர் நேராக மையத்துக்கு வரவில்லை. கோயில் மண்டபத்துக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். உத்திரமேரூர் வருகிற யாரும் அதைப் பார்க்காமல் போக மாட்டார்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் மைய இயக்குநரும் அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போய்விட்டார். காத்திருந்த மூன்று பேருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு எப்படித் தகுதி பார்த்து ஆள் எடுத்தார்கள் என்று இருவரும் வியந்து பேசிக்கொண்டே வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு வேளை. மூவரில் ஒருவர் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்து போயிருந்தார்.

மிச்சம் இரண்டு பேர். முதலாமவர் சென்னைக்காரர், இளைஞர். பெரிய கோப்பு நிறையக் கட்டுரைகள் வைத்திருந்தார். வல்லுநர் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னபோது பலகை முழுக்கக் கோடுகள் வரைந்து, ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். மாணவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது, உத்திரமேரூர்க்காரப் பெண். பஜார் தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஹார்டுவேர் கடை. குழாயும் பெயிண்டும் ஆணியும் வாங்க நானே அங்கே போயிருக்கிறேன், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தெரியாமல். தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பலகைக்கு முன் நின்றவள், சாக்பீஸைக் கையில் எடுக்கவே இல்லை.

“நம்ம ஏரித் தண்ணி யாரோடது?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கவர்மெண்ட்டோடது. ஊரோடது. ஆயக்கட்டுக்காரங்களோடது.

மாகறல் பெண் எழுந்தாள். அவள் பிறந்த ஊர் ஏரியின் கடைமடை. “எங்க அப்பாவுக்கு கடைசியாதான் நெலம் கீது மேடம். மீன் குத்தகைக்காரரு மீன் பிடிக்கிறதுக்கு மதகத் தொறந்து தண்ணிய வடிச்சிடறாரு. எங்களுக்கு நெல்லு பால் புடிக்கிற நேரத்துல தண்ணி இருக்காது.”

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்தான். அவன் வீட்டில் வேறு ஒரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். “இன்னாம்மா பேசற? காசு கட்டி எடுத்துக்கினு மீன தண்ணியிலயே வுட்டுட்டுப் போகச் சொல்றியா? அந்தக் குத்தகைப் பணத்துலதான் உங்க ஊருல தெரு லைட்டு எரியுது.”

“லைட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நெல்லு காஞ்சி கெடக்குது!”

இருவரும் சண்டைக்கு நின்றார்கள். பலகைக்கு முன் நின்றவள் தடுக்கவில்லை. கொஞ்சம் விட்டுப்பிடித்து, “சரி, மதகத் தொறந்ததால யாருக்கு லாபம்? குத்தகைக்காரருக்கு. அந்த லாபத்துக்கு அவரு குடுத்த வெலை போக, அவரு குடுக்காத வெலை ஒண்ணு இருக்குல்ல, அத யாரு குடுத்தாங்க?” என்றாள்.

“எங்கப்பா” என்றாள் மாகறல் பெண்.

“உங்க அப்பாவ யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“இதுக்குப் பேரு புறவிளைவு. இப்ப எழுதிக்கங்க. எழுதிட்டு, நீங்க ரெண்டு பேரும் கலெக்டரா இருந்தா இன்னா பண்ணுவீங்கன்னு யோசிங்க. ஒருத்தரும் நஷ்டப்படாம ஒரு வழி இருக்குதா பாருங்க.”

அதுவரை போனில் கல்வெட்டுப் படங்களை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்த வல்லுநர் போனைக் கவிழ்த்து வைத்தார். நேரம் முடிந்தது என்று இயக்குநர் சொன்ன பிறகும் வகுப்பு பேசிக்கொண்டிருந்தது. முதல் இடத்தில் அவளையும் இரண்டாவதாகச் சென்னைக்காரரையும் வைத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வாசல்வரை போய், “அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும்மா” என்று நானே அவளிடம் சொன்னேன். அன்று ஸ்கூட்டரில் போகும்போது எனக்குப் பாட்டுக்கூட வந்தது.

அடுத்த வாரம் வந்தது ஆர்டர் அல்ல, கோப்பு. பல்கலைக்கழகத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்ன குறை என்று எழுதியதைப் படித்தும் எனக்குப் புரியவில்லை. நேரில் கேட்கலாம் என்று சென்னைக்குப் போனேன். சம்பந்தப்பட்ட பிரிவில் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“மேடம், விளம்பரத்துல எம்.ஏ. பொருளியல்னு இருக்கு. அவங்க படிச்சது எம்.ஏ. பயன்பாட்டுப் பொருளியல்.”

“அதுவும் பொருளியல்தானே சார்?”

“முன்னாடி ஒரு வார்த்தை இருக்கே மேடம்.”

“ஆராய்ச்சிப் பட்டம் பொருளியல்ல வாங்கியிருக்காங்களே.”

“அடிப்படைப் பட்டம் சரியா இருக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்னு இணைச் சான்றிதழ் வாங்கிக் குடுத்துட்டா பிரச்சினையே இல்ல.”

“சார், அந்தப் பட்டத்தைக் குடுத்ததே நம்ம பல்கலைக்கழகம்தான்.”

அவர் கோப்பைத் திருப்பிப் பார்த்தார். “ஆமா. அப்ப இங்கயே வாங்கிக்கலாம், ஈசி. இணைக் குழு கூடறப்போ வெச்சுடலாம்.”

“எப்ப சார் கூடும்?”

“கூடறப்போ சொல்லுவாங்க மேடம்.”

அவரோடு சண்டை போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், லிஃப்ட் வேலை செய்யவில்லை, பார்த்துப் போங்கள் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம், ஒரு பல்கலைக்கழகம் தான் கொடுத்த பட்டம் என்ன பட்டம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளக் குழு வைத்திருப்பதை நினைத்து நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை விசித்திரமாகப் பார்க்கும் அளவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு அப்படியே கிடந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பஜார் தெருக் கடைக்குப் போனேன். அவளுடைய அப்பா எழுந்து நின்று, “வாங்கம்மா, குந்துங்க. நாஷ்டா ஆச்சா?” என்று கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டார். பெயிண்ட் டப்பாக்களுக்கு இடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினோம். சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“ஆர்டர் எப்படியும் வந்துடும்மா. அதுவரைக்கும் நீ சும்மா வந்து கிளாஸ் எடுத்துடேன். பசங்க உன்னத்தான் கேட்டுக்கினு இருக்காங்க.”

“முடியாது மேடம்” என்றாள்.

இவ்வளவு வெடுக்கென்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய அப்பா தர்மசங்கடமாகத் தெருவைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு முன்னாடி ஒரு காலேஜுல இப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆர்டர் வந்துடும், ஆர்டர் வந்துடும்னு செமஸ்டரே முடிஞ்சிபோச்சு. அப்பறம், ‘உங்கள நாங்க வரச் சொல்லவேயில்லயே’ன்னுட்டாங்க. அது கூட விடுங்க. நான் வந்து கிளாஸ் எடுத்தா, உங்க ஆபீஸுல அந்த ஃபைல யாரு தொடுவாங்க? கிளாஸ்தான் நடக்குதேன்னு வுட்டுடுவாங்க. கிளாஸ் நடக்கலன்ற ஒண்ணுதான் மேடம் இப்ப அந்த ஃபைல நகத்தும்.”

“பசங்க பாவம் இல்லையாம்மா?”

“பாவந்தான். அவங்க பாவம்னு நான் ஒருத்தி மட்டும் நெனச்சா போதுமா?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. படித்த திமிர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். டீ வரும்வரைகூட நிற்காமல் கிளம்பிவிட்டேன். அவளுடைய அப்பா பின்னாலேயே வந்து, “கோச்சிக்காதீங்கம்மா, அது சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் பேசும்” என்றார்.

அந்தக் கோபத்தில்தான் பொருளியல் பாடத்தை நானே நடத்தத் தொடங்கினேன். ராத்திரி புத்தகத்தைப் படிப்பது, காலையில் போய் ஒப்பிப்பது. தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்துவிட்டு, எதை எங்கே நகர்த்துவது என்று தெரியாமல் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். மானியம் கொடுத்தால் விலை என்ன ஆகும் என்று மீன் குத்தகைக்காரர் வீட்டுப் பையன் கேட்டான். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். “அது சரி மேடம், எங்க ஊருல அப்படி ஆகலயே, ஏன்?” என்றான். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். அடுத்த வகுப்பிலும் சொல்லத் தெரியவில்லை. அவன் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டான். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தி, ஒரு பையனைக் கேட்காதே என்று பழக்கிவிட்டேனே என்றிருந்தது.

நடுவில் இணைக் குழு கூடிவிட்டதா என்று கேட்டுச் சென்னைக்குப் போன் செய்தேன். அதே மரியாதையான மனிதர்தான்.

“இன்னும் இல்ல மேடம். ஆனா அந்தப் பாடம் நடந்துக்கிட்டுதானே இருக்கு? உங்க மையத்துலேருந்து வந்த ரிப்போர்ட்ல வகுப்பு முறையா நடக்குதுன்னு போட்டிருக்கே. நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? அப்ப என்ன அவசரம்?”

போனை வைத்தேன். அந்தப் பெண் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னது வரி மாறாமல் நடந்திருந்தது. அவள் செய்ய மறுத்ததை நான் செய்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போய், இனிமேல் அந்த வகுப்பை நான் எடுக்கப் போவதில்லை, அறிக்கையிலும் ‘ஆசிரியர் இல்லை, வகுப்பு நடக்கவில்லை’ என்றுதான் எழுதுவேன் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஓய்வு பெறும் வருடத்தில் இருந்தார்.

“ஏம்மா என்னைப் பேஜார் பண்றீங்க? சுமுகமா போயிட்டிருக்கிறத ஏன் கெடுக்கறீங்க?”

“எதுவும் போகல சார். போற மாதிரி நான் எழுதிக்கிட்டு இருந்தேன்.”

“ரூல் இருக்கு. அத நீங்களும் நானும் மாத்த முடியாது.”

“மாத்த வேணாம் சார். வகுப்பு நடக்கலன்னா நடக்கலன்னு எழுதலாம்ல?”

முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அறிக்கை போனது. உண்மையிலேயே பல்கலைக்கழகம் உடனே அசைந்தது. ஆர்டர் வந்தது. பிரித்துப் பார்த்தேன். சென்னைக்காரருக்கு. முதல் இடத்தில் இருப்பவருடைய தகுதி பரிசீலனையில் இருப்பதால் மாணவர் நலன் கருதி இரண்டாம் இடத்தில் இருப்பவரை நியமிக்கிறோம் என்று எழுதியிருந்தது. மாணவர் நலன்! அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

அவர் வந்தார். முதல் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வகுப்புக்குள் போனார். வெளியே வந்ததும் என் அறையில் உட்கார்ந்து, “மேடம், உங்ககிட்ட மறைக்க விரும்பல. மெட்ராஸ்ல வேற ரெண்டு காலேஜ்லயும் பகுதிநேரமாத்தான் எடுக்கறேன். எல்லாத்தையும் சேர்த்தாத்தான் குடும்பம் ஓடும். இங்க வந்துட்டுப் போனா ஒரு நாள் முழுசா போயிடுது” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்ச நாளிலேயே வகுப்பு ஆன்லைனுக்கு மாறியது. எங்கள் மையத்தில் சிக்னல் இருக்காது. பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குரல் வரும்போது படம் வராது. மாகறல் பெண்ணிடம் பட்டன் போன்தான் இருந்தது. தோழியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னா மேடம் இது?” என்று ஒருநாள் கேட்டாள். “ரெண்டு பஸ்ஸு மாறி வந்து செல்லப் பாத்துக்கினு நிக்கறேன். இத வூட்டுலயே நின்னு பாக்கலாம்ல? எங்க மாமியா கேட்டா நான் இன்னா சொல்றது?”

பரீட்சை வந்தது, போனது. அந்தப் பாடத்தில் பலர் தேறவில்லை. மாகறல் பெண் தேறினாள். மற்ற பாடங்களில் முன்னால் நின்றவள், இதில் தட்டுத்தடுமாறி. விடைத்தாளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புறவிளைவு பற்றிய கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள், ஏரியும் மதகும் அவள் அப்பாவுமாக. மற்ற கேள்விகளுக்கு ஓரிரு வரிகள்.

விடுமுறையில் இணைக் குழு கூடியது. பயன்பாட்டுப் பொருளியலும் பொருளியலும் ஒன்றுதான் என்று முடிவு செய்து சான்றிதழ் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாடமோ வருடத்தில் ஒருமுறைதான் வரும். அடுத்த வருடத்துக்குப் புதிதாக விளம்பரம், புதிதாக நேர்காணல். கடைக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“நீ சொன்னபடிதாம்மா நடந்துச்சு” என்றேன்.

“எனக்கு அதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள். “மறுபடி அப்ளை பண்ணணுமா?”

“பண்ணணும்.”

“மாதிரி வகுப்பும்?”

“அதுவும்தான்.”

அவளுடைய அப்பா, “போதும்மா, கடையைப் பாத்துக்கினு இருக்கட்டும். இதுக்கு மேல எத்தினி தடவ போய் நிக்கறது?” என்றார். அவள் அவரைப் பார்த்து, “நான் போறேன் அத்தா” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. இந்த முறை டீயைக் குடித்துவிட்டே வந்தேன்.

இந்த வருடம் அவள் ஆர்டரோடு வந்து சேர்ந்தாள். இரண்டாவது பேட்ச் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். என் அறைவரைக்கும் சத்தம் கேட்கும். ரேஷன் அரிசி, நெல் கொள்முதல், மணல் என்று ஏதாவது ஒன்றில் சண்டை நடந்துகொண்டே இருக்கும். செமஸ்டர் முடிந்ததும் ஆர்டரும் முடிந்துவிடும். திரும்பவும் எல்லாம் முதலிலிருந்துதான். அதற்கான கடிதத்தை இப்போதே எழுதி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் மாகறல் பெண் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். படிப்பு முடிந்துவிட்டது, குழந்தையும் கூட வந்திருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நானும் அவளோடு வெளியே நடந்தேன். பொருளியல் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றுவிட்டாள். உள்ளே அந்தப் பெண் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, யாரோ ஒரு பையன் எழுந்து வேகமாகப் பேசிக்கொண்டிருந்தான். மாகறல் பெண் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தது.

“அன்னிக்கி ஒருநாள் வந்தாங்களே, அவங்கதான மேடம்?”

“ஆமாம்மா.”

“எங்களுக்கு மட்டும் ஏன் மேடம் இல்லாம போச்சு?”

இணைச் சான்றிதழ், குழு, முன்னால் இருக்கும் ஒரு வார்த்தை என்று வரிசையாக எனக்கு எல்லாம் தெரியும்.  அவள் பதிலுக்காக நிற்கவில்லை. காஞ்சிபுரம் பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் அறைக்குத் திரும்பினேன். சென்னைக்குப் போன் போட்டு, அடுத்த வருட விளம்பரம் எப்போது வரும் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.